காகித இமை

“அப்பா, இந்தக் கேமராவுக்கு இமையே கிடையாதா?”

வர்ஷினி இப்படிக் கேட்டது சித்திரைத் திருவிழா முடிந்த மறுவாரம். இரண்டாம் வகுப்பு முடிந்து விடுமுறையில் இருந்தாள். அவனியாபுரத்தில் வீட்டு வாசலில் நின்ற காரைப் பாண்டியராஜன் துடைத்துக்கொண்டிருந்தான். அவள் முன்சீட்டில் முட்டி போட்டு, கண்ணாடியின் உட்புறம் ஒட்டியிருந்த சின்னக் கேமராவை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாடகைக்கு ஓடுகிற வண்டிக்கு ஒரு சாட்சி வேண்டும் என்று போன மாதம்தான் அதை வாங்கி மாட்டியிருந்தான்.

“கேமராவுக்கு எதுக்குடா இமை? அது மெஷினு.”

“கண்ணு இருக்குல்ல? வெயில்ல கூசும்ல?”

“அதெல்லாம் கூசாது.”

“அப்ப நீங்க மட்டும் எதுக்குக் கூலிங்கிளாஸ் போடுறீங்க?”

பாண்டியராஜன் துணியைப் பிழிந்தபடி யோசித்தான். “மீனாட்சியம்மாவுக்குக்கூடத்தான் இமை மூடாது. மீனு மாதிரி மூடாம நம்மளப் பாத்துக்கிட்டே இருக்கும்னு அன்னைக்கிச் சொன்னேன்ல?”

“அது கோயிலுக்குள்ள குளுகுளுன்னு இருக்கு. இது வெயில்ல நிக்குது. பாவம்பா.”

அரை மணி நேரத்தில் அவள் பழைய நோட்டு அட்டையை வெட்டி, மெழுகுக் கலர் குச்சியால் பழுப்பு நிறம் தீட்டி, ஓரத்தைக் கத்தரியால் நறுக்கி இமைமயிர் வைத்து, செல்லோ டேப்பால் கேமராவின் நெற்றியில் ஒட்டிவிட்டாள். அது தொப்பியின் முன்விளிம்பு போல நீட்டிக்கொண்டு நின்றது. கலர் டப்பாவை வண்டியின் டேஷ்போர்டிலேயே திறந்தபடி போட்டுவிட்டுச் சாப்பிட ஓடிவிட்டாள். அது அப்படியே ஊர் சுற்றியது. ஓட்டத்துக்கு நடுவே அதை எடுத்து வைக்க அவனுக்கும் தோன்றவில்லை.

கேமரா விற்ற அல் அமீன் அதைப் பார்த்துச் சிரித்தான். அதே தெருக்கோடியில் கார் சாமான் கடை வைத்திருந்தான். “என்னண்ணே, கேமராவுக்கு மை தீட்டி மயிர் வச்சு விட்டிருக்கீங்க? பொண்ணு பாக்க வர்றாங்களா? பிச்சுப் போடுங்க. படத்துல பாதிய மறைக்கும்.”

“புள்ள அழுவாடா. கிடந்துட்டுப் போகட்டும்.”

“அம்புட்டு வெயிலுக்குப் பயந்தா நான் சொன்னதை வாங்கியிருக்கணும். இது உள்ள பேட்டரி வச்சது. கத்திரி வெயில் நேரத்துல, பூட்டி நிறுத்துன காருக்குள்ள சூடு அறுபது எழுபதுன்னு ஏறும். தாங்காதுண்ணே.”

விலை குறைந்ததாகப் பார்த்து வாங்கியது பாண்டியராஜன்தான். அதனால் அவன் பேச்சை மாற்றிவிட்டான்.

அடுத்த வியாழக்கிழமை, மாலை ஐந்து மணி இருக்கும். மேலூரில் ஒரு குடும்பத்தை இறக்கிவிட்டு, அழகர்கோவிலில் சாமி கும்பிட்டுக் காத்திருந்த இன்னொரு குடும்பத்தை ஏற்றப் போய்க்கொண்டிருந்தான். அந்தச் சாலை மேற்கே போகிறது. எதிரே அழகர்மலை. மலைக்கு மேல் கத்திரிச் சூரியன், உலைவாய் திறந்த மாதிரி. கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தும் கண்ணில் நீர் வழிந்தது. முன்னால் ஒரு மொபெட் போவது நிழலுருவாகத்தான் தெரிந்தது. ஒரு பெரியவர், பின்னால் கூடை, கூடையைப் போர்த்தி ஒரு சாக்கு.

அடுத்த கணம் அந்த உருவம் சாய்ந்தது. பிரேக்கை அழுத்தியது பாண்டியராஜனுக்கு நினைவிருக்கிறது. வண்டி ஒரு உதறு உதறி நின்றதும் நினைவிருக்கிறது. இறங்கிப் பார்த்தபோது பெரியவர் சாலையில் கிடந்தார். தலையிலிருந்து ரத்தம். சுற்றிலும் அரைக்கீரைக் கட்டுகள் சிதறிக் கிடந்தன.

வயலில் நின்ற இருவரைக் கூப்பிட்டு, அவரைத் தூக்கிப் பின்சீட்டில் போட்டு, வந்த வழியே மேலூர் ஆஸ்பத்திரிக்கு ஓட்டினான். வழியெல்லாம், “அய்யா, கண்ணத் தொறங்க. வந்துட்டோம்யா, வந்துட்டோம்” என்று பேசிக்கொண்டே போனான். ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகுதான், சட்டையெல்லாம் ரத்தமும் கீரை மண்ணுமாய் இருப்பதைக் கண்டான். பெரியவர் பெயர் வீரணன் என்று அங்கே தெரிந்தது.

விபத்து என்றால் வண்டியைக் காவல் நிலையத்தில் நிறுத்தவேண்டும். மோட்டார் வாகன ஆய்வாளர் வந்து பார்த்த பிறகுதான் தருவார்கள். அந்த வட்டாரத்துக் காவல் நிலையத்தில் ஏட்டு முத்துக்குமரன் சாவியை வாங்கி ஆணியில் மாட்டினார். “தூக்கிட்டு வந்து சேத்திருக்க. நல்ல காரியம்யா. திங்கக்கிழமை வா, வண்டிய எடுத்துக்கலாம்” என்றார். பாண்டியராஜன் பஸ் ஏறி வீட்டுக்கு வந்தான்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஏட்டு போன் செய்தார். குரலில் அன்றைய ஈரம் இல்லை.

“பாண்டியராஜா, வீரணன் மகன் மனு குடுத்திருக்கான். நீ பின்னால இடிச்சுத்தான் அவுங்கப்பா விழுந்தாராம். உன் பம்பர்ல கீறல் இருக்குல்ல?”

“சார், அது போன வருசம் வீட்டு கேட்டுல உரசுனது சார்.”

“அதைச் சொல்ல ஆளு வேணும்ல? பெரியவருக்கு உசுருக்குப் பயமில்ல, ஆனா நடந்தது எதுவும் ஞாபகம் இல்லங்குறாரு. காலையில வா.”

போனை வைத்ததும் பாண்டியராஜன் கணக்குப் போட்டான். வழக்கானால் வண்டி நிற்கும், லைசென்ஸ் போகும். வீட்டில் உலை வைக்க அந்த வண்டியை விட்டால் வேறு வழி இல்லை. ஆனால் அவன் நெஞ்சை அழுத்தியது இன்னொன்று. அந்த வெளிச்சத்தில் அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை என்பதுதான் உண்மை. வண்டி உதறியது பிரேக்கினாலா, எதிலாவது தட்டியதாலா? இடிக்கவில்லை என்று சத்தியம் செய்யச் சொன்னால், கையை நீட்ட முடியுமா?

“நான் இடிச்சேனா?” என்று மனைவி பேச்சியிடமே கேட்டுவிட்டான்.

அவள் பயந்துபோனாள். “என்னங்க பேசுறீங்க? நீங்க எறும்பு ஓடுனாலே வண்டிய ஒதுக்குற ஆளு.”

“எறும்பு தெரிஞ்சா ஒதுக்குவேன். அன்னைக்கு எதுவும் தெரியலையே.”

மூலையில் படம் வரைந்துகொண்டிருந்த வர்ஷினி நிமிராமலே சொன்னாள். “கேமராவுக்குத் தெரிஞ்சிருக்கும்பா. அதுக்குத்தான் இமை இருக்குல்ல.”

அப்போதுதான் அவனுக்குக் கேமராவின் நினைப்பே வந்தது. எழுந்து அல் அமீன் கடைக்கு ஓடினான். வெள்ளி, சனி, ஞாயிறு. மூன்று பகல். காவல் நிலையத்து வெட்டவெளியில், மேற்கே பார்த்து, கண்ணாடிகளை ஏற்றிப் பூட்டி நிற்கிறது வண்டி.

அல் அமீன் விவரத்தைக் கேட்டுவிட்டு, மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு கேமராவை எடுத்துக் கையில் வைத்தான். அதன் வயிறு பொரித்த அப்பளம் மாதிரி உப்பி, மூடி பிளந்து கிடந்தது.

“திருநகர்ல ஒரு சார் வண்டியில இருந்து கழட்டுனது. இதுவும் உங்க மாடல்தான். ரெண்டே நாள் வெயில்ல நின்னுச்சு. உள்ள இருந்த கார்டு சுத்தமாப் போயிருச்சு.” பாண்டியராஜனின் முகத்தைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினான். “எல்லாம் ஒரே மாதிரி ஆகும்னு இல்லண்ணே. காலையில நானும் வாரேன். லேப்டாப்ப எடுத்துக்குறேன். அல்லா இருக்கான்.”

திங்கட்கிழமை பதினோரு மணிக்கே தார் இளகி டயரைப் பிடித்தது. காவல் நிலைய வளாகத்துக்குள் நுழைந்தவன், தன் வண்டியைக் கண்டதும் நின்றுவிட்டான்.

முன்கண்ணாடி முழுவதையும் அட்டைப்பெட்டிகளைப் பிரித்து யாரோ மூடியிருந்தார்கள். அட்டைக்கு மேல் சாக்கு. அதற்கு மேல் கயிறு. காது மாதிரி நீண்ட ஒரு பக்கக் கண்ணாடியிலிருந்து மறு கண்ணாடிக்கு இழுத்து, காற்றில் பறக்காதபடி இறுக்கிக் கட்டியிருந்தது. சாக்கைத் தொட்டுப் பார்த்தான். ஓரத்தில் இன்னும் ஈரம் இருந்தது.

“யாருண்ணே இப்படி?” என்றான் அல் அமீன்.

ஏட்டு சாவியோடு வந்தார்.

கதவைத் திறந்ததும் அனல் முகத்தில் அறைந்தது. டேஷ்போர்டில் வர்ஷினியின் கலர் டப்பா. பன்னிரண்டு குச்சிகளில் கண்ணாடிப் பக்கம் கிடந்த நான்கும் உருகி, சிவப்பும் நீலமும் மஞ்சளுமாய் ஒன்றாகக் கலந்து வழிந்து, விளிம்பு வரை வந்து உறைந்திருந்தன. மற்ற எட்டும் உருகாமல் அப்படியே இருந்தன.

அல் அமீன் கேமராவைக் கழற்றினான். வயிறு லேசாக மேடிட்டிருந்தது; ஆனால் பிளக்கவில்லை. பட்டனை அழுத்தினால் உயிர் இல்லை. பக்கவாட்டிலிருந்து நகக்கண் அளவு கார்டை எடுத்து ஊதினான். அந்தத் துளிக்குள் தன் வாழ்வு இருக்கிறதா இல்லையா என்று பாண்டியராஜன் பார்த்துக்கொண்டு நின்றான்.

உள்ளே ஏட்டின் மேசையைச் சுற்றி நான்கு பேர். வீரணனின் மகன் சின்னக்கருப்பனும் வந்திருந்தான். இருபத்தைந்து வயது, தூக்கம் இல்லாத கண்கள். பாண்டியராஜன் வணக்கம் சொன்னதற்கு முகத்தைத் திருப்பிக்கொண்டான். “தூக்கிட்டு வந்து சேத்துட்டா இடிச்சது இல்லன்னு ஆயிருமா? கீறல் இருக்குன்னு எல்லாரும் சொல்றாக” என்று சுவரைப் பார்த்துச் சொன்னான்.

லேப்டாப் கார்டைப் படிக்க நேரம் எடுத்தது. “பிஸ்மில்லா” என்று முணுமுணுத்தான் அல் அமீன். திரையில் படங்களின் வரிசை விழுந்தது. கடைசிப் பதிவுகள் எல்லாம் இருந்தன.

படம் ஓடியது. அழகர்கோவில் சாலை. மேல் விளிம்பில் ஒரு பழுப்பு நிழல். அதில் கோணல்மாணலாக இமைமயிர். சூரியன் சரியாக அந்த நிழலுக்குப் பின்னால் ஒளிந்திருந்தது. காகிதத்தின் நார்கள் ஒளியில் தெரிந்தன, இலையின் நரம்புகள் மாதிரி. அதற்குக் கீழே சாலை தெளிந்த நீராய்க் கிடந்தது. புளியமரம், மைல்கல், மொபெட், வெள்ளைச் சட்டை, கூடை. அன்று பாண்டியராஜனின் கண்ணுக்கு எட்டாத அத்தனையும் அதில் இருந்தன.

அப்போது வண்டி ஒரு வேகத்தடையில் ஏறிக் குலுங்கியது. இமை மேலே தூக்கிக்கொண்டது. திரை முழுவதும் வெள்ளை. சாலை இல்லை, மரம் இல்லை, மொபெட் இல்லை, சூரியன் மட்டும்.

“போச்சு” என்றார் ஏட்டு.

ஒன்று, இரண்டு, மூன்று. வெள்ளைக்குள் எஞ்சின் சத்தம் மட்டும் கேட்டது. பாண்டியராஜன் கண்ணை மூடிக்கொண்டு, மூடாத கண்ணுடையவளை நினைத்தான்.

காகிதம் மெல்ல இறங்கி, தன் இடத்தில் படிந்தது. சாலை திரும்ப வந்தது. மொபெட் முன்னால், நான்கு கார் தூரத்தில் போய்க்கொண்டிருந்தது. கூடையைப் போர்த்தியிருந்த சாக்கின் ஒரு முனை அவிழ்ந்து காற்றில் ஆடியது. ஆடி, தாழ்ந்து, பின்சக்கரத்தின் கம்பிகளுக்குள் போனது. சக்கரம் அதைச் சுருட்டி இழுத்தது. மொபெட் ஒருக்களித்து விழுந்தது. கீரைக்கட்டுகள் உருண்டன. கார் உதறி நின்றது. நின்ற காருக்கும் விழுந்த மனிதருக்கும் நடுவே, வெறும் சாலை வெயிலில் மினுங்கியது.

ஏட்டு இன்னொரு முறை ஓட்டச் சொன்னார். அதற்குப் பிறகு பேனாவை மூடி வைத்தார்.

பாண்டியராஜன் மனதில் வர்ஷினி வந்து நின்றாள். ஏழு வயதுப் பிள்ளை, ஒரு மெஷினைப் பார்த்துப் பாவப்பட்டது. அந்த இரக்கத்துக்குள் தன்னைக் காக்கிற ஒன்று மறைந்திருந்தது. சூரியனை மறைக்க ஒரு நோட்டு அட்டை போதுமாயிருந்தது. எவ்வளவு பெரிய வெயில், எவ்வளவு சின்னக் காகிதம்!

சின்னக்கருப்பன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். “அந்தச் சாக்க நாந்தான் கட்டுனேன்” என்றான். “காலையில. அவசரத்துல.”

பாண்டியராஜன் எழுந்துபோய் அவன் தோளில் கை வைத்தான். “நார்க்கயிறு தம்பி. வெயில்ல காஞ்சா முடிச்சு நழுவத்தான் செய்யும். யாரு கட்டுனாலும் நழுவும். அப்பா எந்திரிச்சிருவாரு.”

மனுவைத் திரும்பப் பெறுவதாகச் சின்னக்கருப்பன் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனான். மோட்டார் வாகன ஆய்வாளரும் வந்து, பம்பர் கீறலில் ஏறிய துருவைக் காட்டி, பழையது என்று எழுதினார். எல்லாம் முடிந்த பிறகு பாண்டியராஜன் ஏட்டிடம் கேட்டான்.

“சார், அந்த அட்டைய யாரு கட்டுனது?”

ஏட்டு சிரித்தார். “ரெங்கம்மா. வீரணன் பொண்டாட்டி.”

“என்ன சார் சொல்றீங்க?”

“வெள்ளிக்கிழமை மத்தியானம் மகனோட வந்துச்சு. அவன் உள்ள வெவரம் கேட்டுக்கிட்டு இருக்கான், இது உன் வண்டிக் கண்ணாடியில மொகத்த வச்சுப் பாக்குது. ‘ஏட்டய்யா, பச்சப்புள்ள கலரு உருகி ஓடுது, வண்டியத் தள்ளி நெழல்ல விடுங்க’ன்னுச்சு. நெழலு எங்க இருக்கு இங்க? டீக்கடையில போயி அட்டைய வாங்கிட்டு வந்து அதுவே கட்டுச்சு. சனிக்கிழமை வந்து சாக்க நனைச்சுப் போட்டுச்சு. நேத்தும் வந்துச்சு. இன்னைக்கிச் சந்தைக்குப் போறப்பவும் ஒரு செம்பு தண்ணிய ஊத்திட்டுத்தான் போச்சு.”

“யாரு வண்டின்னு தெரியாமலா சார்?”

“நேத்து நானே சொன்னேன்யா. ‘ஏத்தா, உன் வீட்டுக்காரர இடிச்சான்னு மனு குடுத்திருக்கீங்களே, அவன் வண்டிதான் இது’ன்னேன். ‘அதுக்கு அந்தப் புள்ள என்னய்யா பண்ணும்’னுச்சு. வேற ஒண்ணும் சொல்லல.”

அல் அமீன் வண்டியிலிருந்து எடுத்த எட்டுக் குச்சிகளையும் டப்பாவில் ஒவ்வொன்றாக அடுக்கினான். “கேமராவுக்குன்னு கட்டல” என்றான் மெதுவாக. “கலருக்குக் கட்டியிருக்கு. சுபுஹானல்லா.”

பாண்டியராஜன் அட்டைகளைப் பிரித்து மடித்து, கயிற்றைச் சுருட்டி, வண்டியின் பின்பெட்டியில் வைத்தான். நேரே சந்தைக்குப் போய் அந்தம்மாள் காலைத் தொட்டுவிடவேண்டும் என்று கிளம்பினான். விசாரித்துப் போனபோது, மேலூர் பஸ் ஸ்டாண்டை ஒட்டிய சுவரோரம் ரெங்கம்மாள் கீரை பரப்பி உட்கார்ந்திருந்தாள். ஒல்லியான உடம்பு, நரைத்த கொண்டை. ஒரு வாடிக்கைக்காரியிடம் வாயாடிக்கொண்டிருந்தாள். “வாடலா இருக்கா? வெயில்ல நீயும்தான் வாடியிருக்க தாயி. உன்ன உன் வீட்டுக்காரரு திருப்பியா அனுப்பிட்டாரு?”

அவனுக்குச் சிரிப்பு வந்தது. இரண்டடி வைத்தவன் நின்றுவிட்டான்.

நன்றி என்று என்னத்தைச் சொல்வது? உங்கள் அட்டைதான் அந்தப் பதிவைக் காத்தது என்றால், மகன் கொடுத்த மனு பொய்த்தது இவள் கையால்தான் என்றாகும். அவிழ்ந்த முடிச்சு யார் போட்டது என்பதும் கூடவே வரும். அதை வீட்டில் சொல்ல அந்தப் பையனுக்கு நாள் வேண்டும். பிள்ளை மேல் இரங்கிச் செய்த காரியம் அவள் மனதில் அப்படியே இருக்கட்டும். அவன் திரும்பி வண்டிக்கு வந்தான்.

“என்னண்ணே, சொல்லலையா?”

“சொல்றதுக்கு இல்ல பாய். செய்யணும்.”

அந்த வாரமே அல் அமீன் பேட்டரி இல்லாத வேறு கேமராவை மாட்டினான். “இதுக்கும் இமை வைக்கச் சொல்லுங்கண்ணே. நானே கெட்டி அட்டை தாரேன்” என்று எடுத்தும் கொடுத்தான். வர்ஷினி இம்முறை இமையை மடக்கி ஏற்றி இறக்கும்படி செய்தாள். தூங்கும்போது மூடவேண்டுமாம்.

மே மாதக் கடைசியில் ஒரு நாள், மேலூருக்கு ஒரு சவாரி வந்தது. இறக்கிவிட்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் வந்தபோது மணி ஒன்று. வெயிலுக்குப் பயந்து தெருவே காலியாகியிருந்தது. பக்கத்துக் கடைகள் பாதி ஷட்டரை இறக்கியிருந்தன. சுவரோரம் ரெங்கம்மாளின் கீரைக் கூடைகள் மட்டும் இருந்தன. ஆஸ்பத்திரியில் கணவனுக்குச் சோறு கொடுக்கப் போயிருக்கிறாள் போலும். காலையில் சுவரின் நிழல் அங்கே விழுந்திருக்கும். இப்போது அது நகர்ந்துபோய்விட்டது. போர்த்திய சாக்கு மொடமொடவென்று காய்ந்திருந்தது. ஓரத்தில் தெரிந்த சிறுகீரை தலை சாய்த்திருந்தது.

பாண்டியராஜன் வண்டியை நிறுத்தினான். கையை நீட்டிக் கேமராவின் இமையை முழுவதும் இறக்கி மூடினான்; இதற்குச் சாட்சி வேண்டாம். பிறகு இறங்கினான்.

தண்ணீர்க் கேனைத் திறந்து சாக்கின் மேல் சுற்றிச் சுற்றி ஊற்றினான். சாக்கு கறுத்து, குளிர்ந்து, கீரையின் மேல் படிந்தது. பின்பெட்டியிலிருந்து அந்த அட்டைகளையும், வாங்கி வைத்திருந்த புதுத் தார்ப்பாயையும் எடுத்தான். சுவரில் இருந்த இரண்டு ஆணிகளில் ஒரு பக்கத்தையும், விளக்குக் கம்பத்தில் மறு பக்கத்தையும் இழுத்துக் கட்டினான். அதே கயிறு. அட்டைகளைத் தார்ப்பாய்க்கு மேலே விரித்துச் செருகினான். கூடைகளின் மேல் நிழல் விழுந்தது. ஒரு ஆளும் உட்கார இடம் இருக்கும்படி இன்னும் கொஞ்சம் இழுத்தான்.

முடிச்சைப் பார்த்தான். அவிழ்த்து, நனைத்து, திரும்ப இறுக்கிப் போட்டான். இழுத்துப் பார்த்தான். நழுவவில்லை.

வண்டியில் ஏறி, பஸ் ஸ்டாண்டைத் தாண்டி, புளியமரங்கள் தொடங்கிய பிறகுதான் இமையைத் திறந்துவிட்டான்.